மகுடம் டோக்கனும் பன்னிரண்டு வெள்ளாடுகளும்

பணக்காரன் ஆவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். அருப்புக்கோட்டை நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, மில்லை மூடியபோது கிடைத்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் வங்கியில் இருந்தது. அதை மகுடம் டோக்கனில் போடலாம் என்றேன். தன் ஆடுகளுக்குக் கொட்டகை போடலாம் என்றாள் மனைவி நாகஜோதி. கூட்டுக் கணக்கு. அவள் கையெழுத்து இல்லாமல் பணம் நகராது.

மகுடம் என்பது இன்னும் வெளிவராத கிரிப்டோ காசு. வெளிவருவதற்கு முன்பே வாங்குகிறவன் புத்திசாலி என்று டவுனில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு மகுடம் ஏஜெண்ட் விஜயபாண்டி சொன்னான். விதிமுறைகள் நான்கு பக்கம், தமிழிலேயே கொடுத்தான். நான் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்திருந்தேன். நாகஜோதி நான்கையும் படித்தாள்.

"ஏங்க, நூத்துக்கு நாப்பது காசு கம்பெனிக்காரவுகளுக்கேவா?"

"உழைக்கிறாகள்ல."

"அவுகளுக்கு என்ன வெல?"

"ஒரு ரூவா."

"நமக்கு?"

"பதினஞ்சு."

"ஒரே காசுதான?"

"ரவுண்டு வேற. அவுக மொத ரவுண்டு, நாம ரெண்டாவது."

"அவுக எப்ப விக்கலாம்?"

"மொத நாளே."

"நாம?"

"பதினெட்டு மாசம் பூட்டு. அப்புறம் மாசாமாசம் கொஞ்சம் அவுத்து விடுவாக."

"அவுக பூராத்தையும் வித்துட்டு எந்திரிச்சுப் போன பெறகு நம்மகிட்ட யாரு வாங்குவா?"

"உலகமே வாங்கும்."

அவள் உலகத்தைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"எனக்குப் படிச்சாப் புரியல. செஞ்சு பாத்தாப் புரியும். நான் கம்பெனி. நீங்க பொதுமக்க. காசுக்குப் பதிலு என் ஆடு. அதுக்கப்புறமும் இந்த விதி நியாயந்தான்னு நீங்க சொன்னா, என் செயினையும் வித்து மகுடத்துல போடுறேன்."

செயின் மூன்றரைப் பவுன். நான் பொதுமக்களாக இருக்கச் சம்மதித்தேன்.

இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் அனுசியா நான்கு பக்கத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தாள். காசு என்று வந்த இடத்தில் எல்லாம் ஆடு. சாட்சிக்கு எதிர்வீட்டு அழகுத்தாய் வந்தாள்.

"அண்ணே, படிச்சுப் பாத்தீகளா?"

"தெரிஞ்ச விதிதாம்மா."

மொத்தம் இருபது ஆடு. எட்டு ஆடு நிறுவனரான நாகஜோதிக்கு, பூட்டு கிடையாது. மீதிப் பன்னிரண்டும் பொதுமக்களுக்கு, ஆடு பதினைந்தாயிரம். போன வருடம் நரிக்குடியில் அவள் ஆறாயிரத்துக்கு வாங்கியவை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். ஒத்திகைதானே என்று அவள் பெயருக்கு எழுதிய காசோலையில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

திங்கட்கிழமை வீரசோழன் சந்தை ஆட்டு வியாபாரி வந்து நிறுவனரின் எட்டு ஆட்டையும் ஏற்றிப் போனார். புதன்கிழமை கொட்டகைக்கு சிமெண்ட் சீட் லோடு வந்து இறங்கியது.

"ஜோதி, பாடம் புரிஞ்சிருச்சு. விதி நியாயமில்ல. ஒத்துக்கிறேன். பணத்தைக் கணக்குல போட்டுரு."

"குடுத்த பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது. விதி பதினொண்ணு."

"நான் ஒன் புருசன்டி!"

"புருசன்னு எந்த விதியிலயும் இல்லயே. 'பங்கேற்பாளர்'னுதான் போட்டிருக்கு."

"சரி, ஆட்டையாச்சும் வித்துக்கிறேன்."

"பதினெட்டு மாசம் பூட்டு."

"குட்டி போட்டா?"

"பூட்டுக் காலத்துப் பெருக்கம் நிறுவனருக்கு. விதி ஒம்போது."

"பாலு?"

"அதுவும் பெருக்கந்தான்."

"அப்ப யாருதான் மேய்க்கிறது?"

"பங்கேற்பாளர் கடமை, விதி பத்து. பொழுதாகுது, பத்திட்டுப் போங்க."

நான் சட்டம் பேசலாமா என்று யோசித்தேன். பேசினால் விஜயபாண்டியின் விதிகளை நானே தப்பு என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே சொல்லியும் ஆயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. ஆடுகளைப் பத்திக்கொண்டு போனேன்.

மூன்றாம் மாதம் மகுடம் வெளிவந்தது. கம்பெனிக்காரர்கள் காலை பத்து மணிக்கு விற்க ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் காசு நாலு பைசாவுக்கு வந்துவிட்டது. விஜயபாண்டியின் போன் அன்றைக்கே அணைந்தது. என் பணம் தப்பித்ததை நினைத்து, கண்மாய்க்கரையில் ஒரு வேலிக்கருவை மர நிழலில் நின்று தனியாகச் சந்தோஷப்பட்டேன். ஆடுகள் உதிர்ந்த நெற்றுகளைப் பொறுக்கின. எனக்கு ஆடு மேய்க்க வருகிறது என்றும் தோன்றியது.

அந்தப் பக்கம் சோலை இரண்டு பெட்டை ஆட்டோடு வந்தான். எங்கள் தெருப் பையன், வேலை இல்லாதவன்.

"ஆடு நல்லாருக்கே, எவ்வளவுக்கு வாங்குன?" என்றேன்.

"வாங்கவா? அழகுத்தாய் அத்தை ஆடு மாமா. வாரத்துக்கு, பாதிப் பங்குக்கு மேய்க்கிறேன். ரெண்டு குட்டி போட்டா அத்தைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. பாலும் எனக்குத்தான். ஒங்களுக்கு எப்படி?"

நான் பன்னிரண்டு ஆட்டையும் எண்ண ஆரம்பித்தேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டி ஆடு மேய்க்கும் வேலையில் சேர்ந்தவன் அந்தக் கண்மாயில் நான் ஒருவன்தான்.