டார்ச்சில் சிக்கிய முனீஸ்வரன்

“…எறக்காதம்மா கைய! எறக்கினா முனீஸ்வரன் எங்க உழுவாருன்னு யாருக்குத் தெரியும்?”

கத்தியவர் எங்கள் கம்பெனிக்கு வந்த வாடிக்கையாளர், எல்லாருக்கும் அவர் நைனா. ஆரணிப் பக்கம் நெல் நிலம் வைத்திருந்தவர், கும்மிடிப்பூண்டியில் பட்டறை கட்டக் கிளம்பியிருந்தார். கட்டப்போகும் பட்டறையைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் காட்டுவது என் வேலை. அந்த ஆர்டர் கிடைத்தால்தான் என் வேலை நிரந்தரம். (செல்போனில் கேமரா இருந்தாலே ஊர் கூடிப் பார்த்த காலம் அது.)

சிவப்பு நீலக் காகிதக் கண்ணாடி போட்டுக்கினு எல்லாரும் சுவரில் விழுந்த படத்தைப் பார்க்க, என் கையில் ஒரு கோல். அதிலிருந்து படத்துக்குள் ஒரு கோடு போகும். கோடு பட்டதைப் பொத்தானை அழுத்தித் தூக்கலாம், விட்டால் இறங்கும். ஊசிக் கோடாக இருந்தால் கைநடுக்கத்தில் தூரத்துச் சாமான் தப்பித் தப்பிப் போகும். மேதாவி நான் சும்மா இருப்பேனா? போகப் போக விரியும் டார்ச் வெளிச்சமாகக் கோட்டை மாற்றிவிட்டேன். வெளிச்சத்தில் பட்டதெல்லாம் சிக்கும்.

அகலமா வீசின வலையில மீனோட பழைய செருப்பும் வரும் என்பார்கள் எங்கள் பக்கம். நான் எங்கே கேட்டேன்!

படத்தில், பட்டறையின் ஈசானி மூலையில் முனீஸ்வரன் கோயில். பக்கத்திலேயே, என் புண்ணியத்தில், கக்கூஸ்.

“இன்னாம்மா இது! அத்த அந்தாண்ட தள்ளு” என்றார் நைனா.

தூக்கினேன். கக்கூஸும் வந்தது, கோயிலும் வந்தது. இரண்டும் ஒட்டினாற்போல் ஆகாயத்தில் ஆடின. அப்போதுதான் நைனா அந்தக் கத்தல் கத்தினார்.

“பழையபடி ஆக்கு” என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். (அந்த வசதியை நான் இன்னும் செய்யவே இல்லை.)

கை மரத்துப்போய் நடுங்க, சாமியும் நடுங்கினார்.

இன்றும் நான் பரணில் எதையாவது எட்டி எடுத்தால், என் வீட்டுக்காரர் கீழே துண்டை விரித்துக்கினு நிற்கிறார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். காரணம், நைனா அடுத்துச் செய்தது.

செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை எடுத்துச் சுவரோரம் போய், சாமிக்கு நேர் கீழே இரண்டு கையாலும் ஏந்தினார்.

“இப்ப உடும்மா.”

விட்டேன். கக்கூஸ் எங்கே விழுந்ததோ, யாரும் பார்க்கவில்லை. நைனா துண்டை மெல்லச் சுருட்டி மார்போடு அணைத்துக்கினு, காகிதக் கண்ணாடியோடு எங்கள் ஆபீசின் ஈசானி மூலைக்கு நடந்தார். அங்கிருந்த குப்பைக்கூடையைக் காலால் தள்ளிவிட்டு, துண்டைத் தரையில் இறக்கி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் திரும்பி வந்து, ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.