சர்வீஸ் அண்ணாச்சியின் இரண்டு வார்த்தைகள்

உலகத்தில் உள்ள எல்லா ஆபீஸ் சண்டைகளையும் இரண்டே வார்த்தைகளில் தீர்த்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் சர்வீஸ் அண்ணாச்சிதான். ஒரு வார்த்தை ‘நான்’. இன்னொன்று ‘விடு’. இரண்டையும் சரியான நேரத்தில் கத்தத் தெரிந்தவனுக்கு எம்.பி.ஏ. படிப்பு எதற்கு என்பார். கத்த வேண்டும், அதுதான் முக்கியம். மெதுவாகச் சொன்னால் செல்லாது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகளை ஊர் ஊருக்கு அனுப்பும் ஒரு பார்சல் ஆபீஸில் நான் கணக்கு எழுதுகிறேன். அண்ணாச்சி அங்கே மேனேஜர். இளவயதில் ராயகிரி டீமுக்கு வாலிபால் ஆடியவர். அவர் சர்வீஸ் போட்டால் எதிர் டீம்காரன் கையெடுத்துக் கும்பிடுவானாம். சொன்னவர் அவர்தான், வேறு சாட்சி இல்லை. முழங்கால் போய், ஆட்டம் போய், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கழுத்தில் ஒரு விசிலும் ஒட்டிக்கொண்டது.

அவருடைய சித்தாந்தம் பிறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோயம்புத்தூர் போக வேண்டிய கல்யாணச் சேலைக் கட்டு ஒன்று ஆபீஸ் முற்றத்திலேயே தங்கிவிட்டது. லோடுமேன் மாரியப்பன் ஏற்றியிருப்பான் என்று டிரைவர் போய்விட்டார். டிரைவர் தூக்கிப் போட்டிருப்பார் என்று மாரியப்பன் டீ குடிக்கப் போய்விட்டான். காலையில் பார்த்தால் கட்டின் மேல் ஒரு நாய் மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கிறது.

அண்ணாச்சி திட்டவில்லை. கட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“ரெண்டு நல்ல பிளேயருக்கு நடுவுல விழுந்த பந்துலே இது. ரெண்டுல ஒருத்தன் சோப்ளாங்கியா இருந்தா மத்தவன் ஓடிவந்து எடுத்திருப்பான். ரெண்டு பேரும் கெட்டிக்காரப் பயலுவ. அதான் விழுந்துட்டு.”

அன்றிலிருந்து சட்டம் வந்தது. எந்த வேலை வந்தாலும் எடுப்பவன் ‘நான்’ என்று கத்த வேண்டும். அவன் மற்றவனைப் பார்த்து ‘விடு’ என்று கத்தினால் மற்றவன் கையை எடுத்துவிட வேண்டும். போன் மணி அடித்தால் நாலு திசையிலிருந்தும் ‘நான்!’ என்று குரல் எழும்பும். போன் செய்தவர் பயந்து வைத்துவிடுவார்.

ஒருநாள் முதலாளி வந்தார். “யாருக்கு டீ வேணும்?” என்றார். “நான்! நான்! நான்!” என்று கூரை அதிர்ந்தது. குடித்து முடித்ததும், “தராசுக் கண்ணாடிய உடைச்சது யாரு?” என்று கேட்டார். சத்தமே இல்லை. மூலையிலிருந்து மாரியப்பன் மட்டும் மெல்லச் சொன்னான்: “விடு.”

இரண்டாவது சட்டம் இன்னும் மோசம். வாலிபாலில் ஒரு பக்கத்தில் மூன்று தொடலுக்கு மேல் கிடையாது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடவும் கூடாது. ஆபீஸிலும் அப்படியே. ஒரு புகார் வந்தால் மூன்று கைக்குள் முடிந்து வெளியே போய்விட வேண்டும். நாலாவது கைக்குப் போனால் விசில். வாசுதேவநல்லூரிலிருந்து மோட்டார் பம்பு பார்சலைத் தேடி வந்த ஒரு விவசாயி, விசில் சத்தம் கேட்டு பஸ் கிளம்புகிறது என்று ரோட்டுக்கே ஓடிவிட்டார். மாரியப்பன் துரத்திப் பிடித்துக் கூட்டிவந்தான்.

மாதம் ஒருநாள், வாலிபாலில் ஆட்கள் இடம் மாறுவது போல, எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து உட்கார வேண்டும். நான் லோடு பக்கம் போனேன், மாரியப்பன் கணக்கு மேசைக்கு வந்தான். சாயங்காலம் என் இடுப்பு என்னிடம் பேசவில்லை. ஆனால் நான் அழகாக, பொடிப்பொடியாக எழுதும் பார்சல் சீட்டை லாரிக்குள் இருட்டில் ஒரு மனிதனும் படிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து சுவரெழுத்து அளவில் எழுதுகிறேன்.

ஏதாவது தப்பு நடந்துவிட்டால் அண்ணாச்சி எல்லோரையும் வட்டமாக நிறுத்திக் கையில் கை தட்டச் சொல்லுவார். முதலாளி ஒருமுறை கொதித்துப் போனார்.

“நட்டத்துக்கு எதுக்குவே கை தட்டுதீரு?”

“நட்டத்துக்கு இல்ல முதலாளி. அடுத்த பந்துக்கு.”

இதையெல்லாம் நான் வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், இந்த ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

என் மகள் கோமதிக்கு மருத்துவ நுழைவுத் தேர்வு. திருநெல்வேலியில் மையம். நான் எதற்கும் பதறுகிற ஆள். அதனால் வெகுநேரம் முன்னாலேயே நான், மனைவி, மகள் மூன்று பேரும் போய் நின்றோம். பெற்றோரைத் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். மகள் உள்ளே போனாள். ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்கள். ஒரிஜினல் ஆதார் அட்டையைக் கேட்டார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

முந்தின நாள் எங்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில்தான் மகளும் நானும் அதை நகல் எடுத்தோம். மகள் எடுத்திருப்பாள் என்று நான். அப்பா எடுத்திருப்பார் என்று மகள். இரண்டு பேருமே கவனமான ஆட்கள், யாராவது எடுத்திருப்பார்கள் என்று என் மனைவி. அட்டை மெஷின் மூடிக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது. ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மூடினால் ஒரு வருஷப் படிப்பு போய்விடும்.

ஞாயிறு அரைநாள் ஆபீஸ் உண்டு. போன் போட்டேன். “அண்ணாச்சி” என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

“எங்கன இருக்கு? அதை மட்டும் சொல்லும்.”

“ஜெராக்ஸ் மெஷினுக்குள்ள. அவ எடுத்திருப்பான்னு நான்...”

“யாரு விட்டதுங்கதை நாளைக்குப் பேசிக்கிடுவோம். அடுத்த பந்து.” பிறகு என் காது அடைக்கும்படி ஒரு சத்தம்: “நான்!” போன் கட்டாகிவிட்டது.

பின்னால் நடந்ததை மாரியப்பன் சொல்லித்தான் அறிந்தேன். பைக்கைக் கிளப்பிக்கொண்டு அவன் அட்டையைக் கேட்டிருக்கிறான். அண்ணாச்சியோ உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தாராம்.

“அண்ணாச்சி, அப்படியே தாங்க. சட்டைப் பையில போட்டுக்கிடுதேன்.”

“பார்சல் ஆபீஸ்ல இருந்து கட்டாத சாமான் வெளிய போவுமாலே?”

சேலைத் துணியில் சுற்றி, பஞ்சு திணித்து, சணல் போட்டு இறுக்கி, கைக்கு அடக்கமான ஒரு உருண்டையாக்கி மாரியப்பனிடம் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தேவர்குளம் தாண்டும்போது, சட்டைக்குள் வைத்த உருண்டை நெஞ்சில் குத்துகிறது, கொஞ்சம் பிடியுங்கள் என்று மாரியப்பன் கெஞ்சியிருக்கிறான்.

“முடியாதுலே. நான் தொட்டு உனக்குக் குடுத்தாச்சு. ஒருத்தனே அடுத்தடுத்துத் தொடப்படாது. ஃபவுல்.”

“அப்ப நீங்க எதுக்குக் கூட வாரிய?”

“மூணாவது தொடலுக்கு. மொதல்ல தொட்டவன் மூணாவது தொடலாம். ரூல் இருக்கு.”

நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே ரூல் பேசியிருக்கிறார்கள்.

வந்து சேர்ந்தபோது கேட்டில் கடைசி அறிவிப்பு போய்க்கொண்டிருந்தது. கம்பிக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் சுவர் மாதிரி. ஒரு விரல் நுழைய இடமில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், இன்னும் சில பிள்ளைகளோடு, ஒரு பெண் போலீஸுக்குப் பக்கத்தில் கோமதி நின்றாள். எங்கள் கோமதிக்குக் குரலே கிடையாது. வகுப்பில் ‘உள்ளேன்’ என்று சொல்லியும் கேட்காமல் ஆப்சென்ட் வாங்கியவள். கடையில், பஸ்ஸில், டாக்டரிடம், எல்லா இடத்திலும் அவளுக்குப் பதிலாக நான்தான் பேசுவேன்.

மாரியப்பன் கையிலிருந்து உருண்டையை வாங்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அண்ணாச்சி வந்தார்.

“கோமதி! குரல் குடு மக்கா!”

நான் கூட்டத்தில் பாதி தூரம் முண்டிப்போய் இரண்டு கையையும் உயர்த்தினேன். நடுவில் பிடித்து அவளிடம் சேர்த்துவிடலாம் என்று.

“நீரு விடும்வே!”

அப்படி ஒரு கத்தல். என் கை தானாகக் கீழே வந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

“நான்!”

யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் விலகிவிட்டார்கள். அண்ணாச்சி எகிறினார். வீட்டு மாடிப்படியைக் கண்டாலே முறைக்கிற அந்த முழங்காலோடு எகிறினார். உருண்டை எங்கள் தலைகளுக்கு மேலே போய், கம்பியைத் தாண்டி, கோமதியின் நெஞ்சோடு சேர்ந்த இரண்டு கைகளுக்குள் விழுந்தது.

“யோவ், யாருய்யா அது? என்னத்த எறியுத?” என்று பெண் போலீஸ் பாய்ந்து வந்தார்.

“ஆதார் கார்டும்மா!”

“ஆதார் கார்டு எந்த ஊர்லய்யா உருண்டையா இருக்கு?”

அதற்குள் கோமதி சணலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள். பஞ்சு பறந்தது. உள்ளேயிருந்து அட்டை வந்தது. பெண் போலீஸ் அட்டையையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஓடும்மா” என்றார். அவள் முதுகுக்குப் பின்னால் கேட் மூடியது.

அண்ணாச்சி ரோட்டோரம் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “வாங்கவே எல்லாரும்” என்றார். நான், மாரியப்பன், கூச்சப்பட்டுக்கொண்டே என் மனைவி, எல்லோரும் கையில் கை தட்டினோம். யாரென்றே தெரியாத ஒரு அப்பாவும் வந்து கையை நீட்டினார். அவருக்கும் தட்டினோம்.  இதை எழுதும்போதும் கோமதியின் அந்தக் குரலை நினைத்தால் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

கோமதிக்கு இடம் கிடைத்தது. அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். புது மேனேஜர் அமைதியானவர்; போன் மணி அடித்தால் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். போன வாரம் ஹாஸ்டலுக்குப் போகும் மகளை பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

“நான்!” என்றாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டேன்.

பஸ் கண்ணை விட்டு மறைந்ததும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“பந்து அந்தப் பக்கம் போயிட்டு அண்ணாச்சி.”



“தெரியும்வே,” என்றார். “காலையில இங்கன வந்து சொல்லிட்டுதான் போனா.”

அந்த மனிதர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். ஆனாலும் செல்லும்.