அந்த வியாழக்கிழமை உங்கள் மைக்கில் நான் பேசியது குறித்து

இலூக்கா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கிளைவ் மாமாவுக்கு மருமகள் கோரலி எழுதுவது. இங்கே உங்கள் பேத்தி பிப்பா நலம். அவளுக்குக் கடைவாய்ப்பல் முளைப்பதால் என் நலத்தைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலும் ஹேசல் அத்தையின் தக்காளிச் செடிகளும் வளையாமல் நிற்கின்றன என்று நம்புகிறேன்.

பத்து நாள் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் டாம்வொர்த்திலிருந்து போன் செய்து, பேத்தி சாப்பிட்டாளா என்று ஒரு நிமிடமும் என் வானொலி ஏரியல் எப்படி இருக்கிறது என்று நாற்பது நிமிடமும் விசாரிக்கிறவர் நீங்கள். போன ஞாயிறு போன் வரவில்லை. இன்றும் வரவில்லை. நான் நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை. அத்தையைக் கேட்கலாமென்றால் அவர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். உங்கள் மகன் பத்திரமாகக் கரை சேர்ந்த செய்திக்குக்கூட ஒரு கட்டைவிரல் படம்தான் அனுப்பினீர்கள். அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு நான் வானொலியில் பேசியதை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கேட்டவர் மனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மாமா, ஒரு மைக்கால் நம் உறவு அறுந்துபோகக் கூடாது. பிப்பாவுக்கு இருப்பது ஒரே தாத்தா. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

பிறர் படகுகளைக் கடலில் ஓட்டிவந்து ஒப்படைப்பதுதான் உங்கள் மகன் லாக்லனுக்குத் தொழில் என்று தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். அதனால்தான் பிப்பா வயிற்றில் இருந்தபோது, வாந்தி எடுத்துக்கொண்டே தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கினேன். இந்த முறை நூமியாவிலிருந்து இலூக்காவுக்கு ஒரு பாய்மரப் படகு. படகில் இவனும் படகின் சொந்தக்காரரும் மட்டும். சேட்டிலைட் போன் இருக்கிறது, கவலைப்படாதே என்றான். அந்தச் சொந்தக்காரர் இரண்டாம் நாளே திமிங்கிலத்தோடு செல்ஃபி எடுக்கப் போய் போனைத் திமிங்கிலத்திடமே கொடுத்துவிட்டார். ஆக, காலை ஏழு மணிக்கு வானொலியில் நாங்கள் பேசுவது ஒன்றுதான் மிச்சம். இந்த நேரம் பார்த்து பிப்பா என் கைமைக்கின் சுருள் ஒயரைக் கடித்து வைத்தாள். ஒரு சொல் போனால் அடுத்த சொல் போகவில்லை. "நல்லா இருக்கேன்" என்று நான் சொன்னால் அவனுக்கு "நல்லா" கேட்காது.

புது மைக் வேண்டும் என்று எங்கள் ஊர் வானொலி மன்றச் செயலாளர் நார்மிடம் வாய் தவறிச் சொன்னேன். மாமா, உங்கள் வானொலிக்கார இனத்தைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? உங்களிடம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் ஐயோ பாவம் என்பீர்கள். மைக் வேண்டும் என்று சொன்னால் வீட்டுக்கே வந்துவிடுவீர்கள். நார்ம் தலையில் மாட்டும் மைக் ஒன்றோடு வந்து, என் கடைசி பிஸ்கெட் வரை தின்றுவிட்டு, "கண்ணு, மைக்குங்கிறது செருப்பு மாதிரி. அவங்கவங்க காலுக்குத்தான் பொருந்தும்" என்றார். மறுநாள் கூரியரில் நீங்கள் அனுப்பிய மேஜை மைக் வந்தது. தூக்கி உள்ளே வைக்கக் கூரியர்காரருக்கு உதவ வேண்டியிருந்தது. "இதில் பேசினால் உன் குரல் தேன்" என்று கூடவே உங்கள் சீட்டு.

செவ்வாய்க்கிழமை மன்றத்துப் பேச்சு நேரத்தில் இரண்டையும் சோதித்துப் பார்த்தோம். முதலில் உங்கள் மைக். எல்லோரும் வழக்கம்போல் "ஐந்து ஒன்பது" என்று ஒலித் தெளிவுக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். ஒருவர் ஐந்து ஒன்பது போட்டுவிட்டு, "அது சரி, யாரு பேசறது?" என்று கேட்டார். பிறகு இரண்டாவதாக நார்மின் மைக்குக்கு மாறுகிறேன் என்று சொல்லிப் பேசினேன். "ஆஹா, பூமிக்கும் வானத்துக்கும் வித்தியாசம்!" என்று ஏழு பேர் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கீழே குனிந்து பார்த்தால் பிப்பா அந்த இரண்டாவது மைக்கின் ஒயரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறையும் போனது உங்கள் மைக்தான். நான் அதை அவர்களிடம் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டியவர்கள், மனசு தாங்காது.

எப்படியோ உங்கள் மைக்கே ஜெயித்தது, அதை வைத்துக்கொண்டேன். இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காலை வானிலை அறிக்கையைப் பார்த்தேன். சனிக்கிழமை தெற்கிலிருந்து நாற்பத்தைந்து நாட் வேகத்தில் புயற்காற்று. நேரே இலூக்காவுக்கு வந்தால் அதன் வாயிலேயே வந்து விழுவார்கள். உடனே வடக்கே திரும்பினால் பண்டபெர்க்கில் ஒதுங்கலாம். அன்று காலையே சொல்லியாக வேண்டும், மறுநாள் சொன்னால் பயனில்லை. பிப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து, பதறாமல், கனிவாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். "கோரலி, ஏதோ பேசறேன்னு தெரியுது. மாடு அசைபோடற மாதிரி கேக்குது. திருப்பிச் சொல்லு" என்றான். திருப்பிச் சொன்னேன். "அதே மாடுதான்" என்றான். மூன்றாம் முறை இன்னும் கனிவாகச் சொன்னேன். "ரெண்டு மாடு" என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. மைக்கை விட்டுவிட்டு எழுந்தேன். அதன் அடியில், பேசும் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக ஒரு பூட்டு நெம்பி இருக்கிறதல்லவா, அதைப் பிப்பா தள்ளிவிட்டிருக்கிறாள். பேச்சு வெளியே போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிவதை நான் கவனிக்கவில்லை. அறைக்குள் நடந்தபடி சுவரைப் பார்த்துக் கத்தினேன். நான் கத்தியவை பின்வருமாறு என்று, டேப் ரெக்கார்டரோடு கேட்டுக்கொண்டிருந்த நார்ம் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "மைக்கா இது? நங்கூரம்! கயித்தக் கட்டிக் கடல்ல போடத்தான் லாயக்கு! தேனாம் தேன்! கிறிஸ்துமஸுக்கு மூணு மணி நேரம் ஏரியலப் பத்தியே பேசிப் பேசி அந்தப் பன்றித்தொடை ஆறிக் கல்லாப் போச்சு, ஒரு மனுஷன் வாயத் திறக்க முடிஞ்சுதா? அந்தாளுக்கு எதுக்கு மைக்கு? காது ஒண்ணு வாங்கிக் கொடுங்க! எம் புருஷன் சாகக் கெடக்கறான், இங்க நான் மாடு மாதிரி கத்திட்டிருக்கேன்!"

மூன்று நிமிடம் மாமா. அப்புறம்தான் விளக்கைப் பார்த்தேன். பாய்ந்து போய் நெம்பியை இழுத்தேன். பிறகு லாக்லன் குரல் மெல்ல வந்தது.

"கோரலி. இப்பக் கேட்டது அத்தனையும் தெளிவாக் கேட்டுது."

"ஐயோ. எதுலேர்ந்து?"

"நங்கூரத்துலேர்ந்து. சரி, அத அப்புறம் பாத்துக்கலாம். ஏதோ சாகறேன்னியே, நான் ஏன் சாகப்போறேன்? அதே குரல்ல சொல்லு."

"எந்தக் குரல்ல?"

"எங்கப்பாவத் திட்டின குரல்ல."

ஆகவே வானிலையைத் திட்டினேன். "சனிக்கெழம! தெக்குக் காத்து! நாப்பத்தஞ்சு நாட்! வடக்க திரும்புடா! பண்டபெர்க்! பண்டபெர்க்!" பிப்பாவும் சேர்ந்து கத்தினாள். "திரும்பிட்டேன் தாயே, திரும்பிட்டேன்" என்றான். சனிக்கிழமை மதியம் பண்டபெர்க்கில் படகைக் கட்டிவிட்டார்கள். அன்று மாலை இங்கே அடித்த காற்றில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குதிக்கும் டிராம்போலின் எங்கள் வேலி தாண்டி வந்து நின்றது. அந்தக் காற்றில் அவர்கள் இருந்திருந்தால் என்பதை நான் இன்னும் முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை.

நார்ம் பிற்பாடு விளக்கினார். உங்கள் மைக் குரலின் அடித்தொனியை அள்ளி எடுக்குமாம். பக்கத்து ஊரில் கேட்க அது தேன்தான். ஆயிரம் கிலோமீட்டர் இரைச்சலுக்குள் போனால் அந்தத் தேனெல்லாம் கரைந்துவிடும், கீச்சென்ற ஒலிதான் பிழைத்துப் போய்ச் சேரும். நான் கத்தியபோது குரல் கீச்சிட்டதால் பிழைத்தோம். இப்போது பழைய கைமைக்குக்கே புது ஒயர் போட்டுவிட்டேன். கேட்க அசிங்கமாக இருக்கிறது, போய்ச் சேருகிறது. நார்மைத் தவிர மன்றத்தில் யாரும் இதுபற்றி என்னிடம் பேசவில்லை. நியூசிலாந்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மட்டும், கேட்டதை உறுதிசெய்து அட்டை அனுப்பியிருக்கிறார். குறிப்பு என்ற இடத்தில், "என் மாமனாரும் அப்படித்தான்" என்று எழுதியிருக்கிறார்.

மாமா, பயத்தில் பேசியது. பொய் பேசினேன் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பன்றித்தொடை உண்மையிலேயே ஆறித்தான் போயிற்று. ஆனால் உங்களைப் புண்படுத்த அல்ல. அடுத்த ஞாயிறாவது போன் செய்யுங்கள். ஏரியலைப் பற்றி எண்பது நிமிடம் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

உங்களுக்கும் அத்தைக்கும் எங்கள் மூவரின் அன்பும், பிப்பாவின் எச்சில் முத்தங்களும்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி மருமகள்,
கோரலி

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிரும்போதே அத்தையிடமிருந்து போன். இன்றுதான் வீடு திரும்பினாராம். நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் ஏரியல் கம்பம் நடச் சொல்லிக்கொடுத்த நீங்கள் உங்கள் கம்பத்தைத் துணி காயப்போடும் கயிற்றால் கட்டியிருந்தீர்களாம். அது அந்தப் புதன்கிழமையே சாய்ந்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டின்மேல் விழுந்ததாம். அதன்பின் மகன் பயணத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாத வெட்கத்தில் யாருக்கும் போன் செய்யாமல், யார் போனையும் எடுக்காமல் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறீர்களாம். ஆக நீங்கள் எதையுமே கேட்கவில்லை! கடிதத்தைக் கிழிக்கப் போனேன். நேற்றுதான் வீடு வந்து சேர்ந்த உங்கள் மகன் பிடுங்கிக்கொண்டு, "இத அனுப்பியே ஆகணும். முப்பது வருஷமா நான் சொல்ல நினைச்சது" என்று உறையில் போட்டு எச்சில் தடவிக்கொண்டிருக்கிறான், இந்தத் தாளையும் சொருகக் கேட்கிறான். நீங்கள் எந்தக் கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பீர்கள் என்று அத்தை ஒருமுறை சொன்னார். அப்படியானால் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மைக் பிரமாதம். மற்ற பக்கங்களில் வானிலை மட்டும்தான்.