சோழர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை

நேத்து எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. சூசை அண்ணன் வீட்டுக்குப் போய் மாதா சுரூபத்தை வாங்கிட்டு வரணும்.

அக்டோபர் மாசம் ஜெபமாலை மாசம். எங்க உலு திராம் தாமான்ல, அதான் குடியிருப்புல, மாதா தினம் ஒரு வீட்டுக்குப் போவாங்க. ஒரு வீட்ல ஜெபம் முடிஞ்சா, மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரங்க வந்து தூக்கிட்டுப் போகணும். முந்தாநாள் சூசை அண்ணன் வீடு. நேத்து எங்க வீடு. ஏழரைக்கு ஜெபம். முப்பது பேராவது வருவாங்க.

அவர் வீடு மூணு லோரோங், அதான் மூணு சந்து, தள்ளித்தான். போக எட்டு நிமிஷம். வர, மாதாவைத் தூக்கிட்டு வர்றதால, பத்துன்னே வச்சுக்குவோம்.

ஆறு மணிக்குக் கிளம்பினேன். அடுப்புல பச்சைப்பயறு கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருந்தது. சீனி போட்டாச்சு, தேங்காப்பால் ஊத்தியாச்சு.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "என்னங்க, இதைக் கொஞ்சம் கிண்டிக்கிட்டே இருங்க. விட்டா அடி புடிச்சிடும்."

"ம்."

"காதுல விழுந்துச்சா?"

"நான் பாத்துக்கறேன் லா. நீ போ."

அவர் கண்ணு டேப்லெட்டை விட்டு நகரவே இல்லை. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல. அதனாலதான் இன்னைக்கு இதை எழுதிட்டு இருக்கேன்.

சூசை அண்ணன் யாருன்னு சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் தாவீதும் அவரும் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல ஒன்னா வளர்ந்தவங்க, ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. என் மகனுக்கு ஞானத்தகப்பன் அவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்பவும் தினம் காலையில ரெண்டு பேரும் கடையில ஒன்னா உக்காந்து தே தாரே டீ குடிப்பாங்க.

கதவைத் திறந்தது அவர் சம்சாரம் ரெஜினா அண்ணி. எப்பவும் "வா லூர்து, வா வா"ன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போறவங்க, நேத்து "வாங்க"ன்னாங்க.

வாங்களாம்! முப்பது வருஷப் பழக்கத்துல முதல் 'ங்க'.

உள்ளே சூசை அண்ணன் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். முன்னாடி மேசையில மாதா சுரூபம். பக்கத்துல ஒரு மேப்பு. அதுல சிவப்புப் பேனாவுல கோடு கோடா அம்புக்குறி.

"வாங்க ப்ரொபசர்"ன்னார்.

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசகம் வாசிக்கறப்ப ஒரு பேர்ல தடுக்கி விழுந்தேன். அதைத்தான் கிண்டல் பண்றாருன்னு நினைச்சு சிரிச்சேன்.

அவர் சிரிக்கல.

"லூர்து. நேரா கேக்கறேன். சோழர் படையை டூர் குரூப்புன்னு சொன்னியா, இல்லையா?"

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பெரியவங்க எதைக் கேட்டாலும் வாய் முதல்ல "ஆமாண்ணே"ன்னு சொல்லிடும். கேள்வி என்னன்னு அதுக்கப்புறம்தான் யோசிப்பேன்.

"ஆமாண்ணே"ன்னேன்.

ரெஜினா அண்ணி சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"பாத்தியா ரெஜினா! மூஞ்சிக்கு நேரா சொல்றா! தைரியத்தைப் பாத்தியா!"

"அண்ணே, இருங்கண்ணே. எந்தச் சோழர்? எந்த டூரு?"

அவர் போனை எடுத்து என் முன்னாடி நீட்டினார். 'சும்மா பேசுவோம் சரித்திரம்'னு ஒரு குரூப்பு. ஓய்வு பெற்ற ஆம்பளைங்க எல்லாம் கூடி, உலகத்துல எந்த சாம்ராஜ்யம் பெருசு, எது எதனால விழுந்துச்சுன்னு ஆறு மாசமா சண்டை போடற இடமாம். இன்னும் யாரும் ஜெயிக்கல.

அங்க என் படம். மாதா கோயில்ல ஜெபமாலையோட நான் நிக்கற படம். பக்கத்துல 'லூர்து மேரி'ன்னு என் பேரு. கீழே இப்படி:

"கடாரத்தைப் புடிச்சாங்க, சரி. புடிச்சிட்டு ஏன் திரும்பிப் போனாங்க? வந்து, சுத்திப் பாத்துட்டு, சாமான் வாங்கிட்டுப் போறதுக்குப் பேரு சாம்ராஜ்யமா? அதுக்குப் பேரு டூர் குரூப்பு!"

அதுக்கு எழுபது பேர் லைக் போட்டிருந்தாங்க.



இன்னொன்னு காட்டினார். "ரோமாபுரிக்காரன் ரோடு போட்டான். உங்க ஆளு என்ன போட்டான்? கல்வெட்டு!"

இன்னொன்னு. "சூசை படிச்சது ஆறாங்கிளாஸ். அதுவும் பெஞ்சுல தூங்கிக்கிட்டே படிச்சது."

"இது நியாயமா லூர்து? நீ அப்ப எங்க தோட்டத்துலயே இல்லை. நான் பெஞ்சுல தூங்கினது உனக்கு எப்படித் தெரியும்? உன் புருஷன் வீட்ல சொன்னதை வச்சு என்னை ஊர் முன்னாடி அவமானப்படுத்தறே!"

அப்பத்தான் எனக்கு வெளிச்சம் வந்துச்சு.

நீங்க இப்பப் படிக்கிறீங்களே, இதே அக்கவுண்ட்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் போன் லொங்காங் சாக்கடையில விழுந்துச்சு. பாஸ்வர்டும் அவருக்கு மறந்து போச்சு. சிங்கப்பூர்ல வேலை செய்ற மக, "அப்பாவும் பேரப்புள்ளைங்க படம் பாக்கட்டும்மா"ன்னு ஒரு டேப்லெட் வாங்கி, அதுல என் அக்கவுண்ட்டைப் போட்டுக் குடுத்துட்டுப் போனா.

பேரப்புள்ளைங்களைத்தான் பாக்கறாருன்னு நினைச்சேன். மனுஷன் ரோமாபுரிக்கு ராஜாவா இருந்திருக்கார். என் பேர்ல!

இதுல என் முட்டாள்தனம் என்னன்னா, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் தினம் காலையில ஒரு பைபிள் வசனம் போடுவேன். அவ்வளவுதான் என் எழுத்து. ஆனா மணிச் சின்னத்துல சிவப்பு நம்பர் ஏறிக்கிட்டே போகும். நாப்பது, அறுபது, தொண்ணூறு. எல்லாம் என் வசனத்துக்குத்தான்னு நினைச்சு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்.

பாதர்கிட்ட வேற பெருமையா சொன்னேன். "நான் எழுதறதைப் படிச்சு நிறைய பேர் மனசு மாறுறாங்க பாதர்."

பாதர் கொஞ்சம் இருமினார். "ம்... நானும் பாத்தேன்மா. கொஞ்சம் நிதானமா போங்க"ன்னார்.

அடக்கத்தைச் சொல்றாருன்னு நினைச்சேன்!

சூசை அண்ணன் இன்னும் நிறுத்தல. "உன்னைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு தாவீது தினம் காலையில எங்கிட்ட வந்து வருத்தப்படறான். 'என்னடா பண்றது சூசை, சொன்னா கேக்க மாட்டேங்கறா, பொம்பளைங்க இப்பல்லாம் இப்படித்தான்'ங்கறான். அவன் குடிக்கிற தேயும் நான்தான் வாங்கிக் குடுக்கறேன், பாவமேன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு... அன்னை மரியே, மன்னிச்சிடுங்க.

உண்மையைச் சொல்லிடலாம். சொன்னா அம்பது வருஷத்துக்கு மேலான சிநேகிதம் அங்கேயே முறிஞ்சிடும். சொல்லாட்டி, ஏழரைக்கு முப்பது பேர் வருவாங்க, வீட்ல மாதா இருக்க மாட்டாங்க. மணி ஆறே முக்கால்.

மன்னிப்புக் கேட்டுடலாம்னு முடிவு பண்ணினேன். மன்னிப்புக் கேக்கறதுல எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

"தப்புதாண்ணே. மன்னிச்சிடுங்க. மாதாவைக் குடுங்க, நான் கிளம்பறேன்."

"மாதாவை வச்சு நான் அரசியல் பண்ற ஆளு இல்லை. தாராளமா எடுத்துட்டுப் போ. ஆனா திட்டினது ஊர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் என் வீட்டு ஹால்லயா?"

நியாயமாத்தான் பட்டுச்சு. என் போனை எடுத்தேன். அந்தக் குரூப்பை அவரே தேடிக் குடுத்தார். ஒத்தை விரலால தட்ட ஆரம்பிச்சேன். போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் மாதிரி அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"'சோழர்'னு மொட்டையா போடாதே. 'மாமன்னர் சோழர்'னு போடு."

போட்டேன்.

"'டூர் குரூப்பு'ங்கறதை வாபஸ் வாங்கறேன்னு போடு."

வாங்கினேன்.

"அவங்க ஏன் திரும்பிப் போனாங்கன்னா..."

"அண்ணே, கஞ்சி!"

"சரி, அது இருக்கட்டும். அனுப்பு."

கடைசியில நானா ஒரு வரி சேர்த்தேன். "சூசை அண்ணன் நல்லவர். ஆண்டவர் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக." அனுப்பிட்டேன்.

சூசை அண்ணன் முகம் மலர்ந்துச்சு. ரெஜினா அண்ணி, "இப்பத்தான் நம்ம லூர்து"ன்னு சொல்லி, மாதாவை எடுத்து என் கையில குடுத்தாங்க. போனை மேசையில வச்சிட்டு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். சுரூபம் நல்ல கனம்.

அப்ப சூசை அண்ணன் போன் 'டிங்'குன்னுச்சு.

பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். திரும்பப் போட்டுப் பாத்தார்.

சத்தமா வாசிச்சார். "லூர்து மேரி எழுதறா. 'நண்பர்களே! மேலே இருக்கற மன்னிப்பு நான் எழுதினதே இல்லை! எவனோ என் அக்கவுண்ட்டை ஹேக் பண்ணிட்டான்! இது சோழர் கோஷ்டியோட சதி! டூர் குரூப்பு டூர் குரூப்புதான்!'"



ஆறு மாசமா என் பேர்ல எழுதி எழுதி, அந்தப் பேர்ல உண்மையிலேயே ஒருத்தி இருக்கான்னு மனுஷனுக்கு மறந்தே போச்சு.

ரெஜினா அண்ணிதான் முதல்ல வாயைத் திறந்தாங்க. "ஏங்க. இவ கை ரெண்டும் மாதா மேல இருக்கு."

சூசை அண்ணன் என் கையைப் பாத்தார். மேசையில இருந்த என் போனைப் பாத்தார். தன் போனைப் பாத்தார்.

மறுபடி 'டிங்'.

"'சூசைக்குச் சரித்திரம் தெரியுமா? வாத்தியார் பரீட்சை வச்சப்ப என்னைப் பாத்து எழுதினவன்தானே!'"

"என்னைப் பாத்து..."ன்னு மெதுவா திரும்பச் சொன்னார். "என்னைப் பாத்து எழுதினவன்."

அலமாக், ஐயய்யோ! எழுந்துட்டார்.

"தாவீது!"

மாதாவை என் கையில இருந்து வாங்கினார். "நானே கொண்டாந்து குடுக்கறேன். நடங்க."

"அண்ணே, கோபத்துல தூக்காதீங்கண்ணே."

"யாருக்குக் கோபம்? எனக்குக் கோபமே இல்லை!"

அது அடுத்த லோரோங் வரைக்கும் கேட்டுச்சு.

மாதாவைத் தூக்கிட்டு நடந்தா ஜெபமாலை சொல்லிக்கிட்டேதான் நடக்கணும். அதான் எங்க வழக்கம். கையில மாதாவை வச்சுக்கிட்டுத் திட்டவும் முடியாது. அதனால சூசை அண்ணன் எல்லாக் கோபத்தையும் ஜெபத்துலயே வச்சார். அருள் நிறைந்த மரியேன்னு அவர் தொடங்கற ஒவ்வொரு தடவையும் ரோட்டோரப் பூனைங்க எழுந்து ஓடுச்சு. பின்னாடி நானும் ரெஜினா அண்ணியும் ஓட்டமும் நடையுமா பதில் சொல்லிக்கிட்டு வந்தோம். ஜெபத்துக்கு வந்துக்கிட்டு இருந்தவங்க, என்ன பக்தி பாருன்னு அசந்து போய் எங்க பின்னாடி சேர்ந்துக்கிட்டாங்க. எங்க வாசலுக்கு வர்றப்ப இருபது பேர் ஊர்வலம்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலியோரமா நின்னு கையை ஆட்டினாங்க. "காக் மேரி! டாப்போர் பெராசாப்!"

அடுப்படி புகையுதாம்.

கதவைத் தள்ளினேன். ஹால் முழுக்கப் புகை. நடுவுல சோபாவுல, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, டேப்லெட்டை மூக்குல ஒட்டிக்கிட்டு, ரெண்டு விரலால தட்டிக்கிட்டு இருக்கார் என் வீட்டுக்காரர்.

"என்னங்க!"

திரும்பக்கூட இல்லை. "இரு லூர்து. ஒரே ஒரு பாயின்ட்டு."

சூசை அண்ணன் மாதாவை மேசை மேல பத்திரமா வச்சார். சிலுவை போட்டுக்கிட்டார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"டேய் தாவீது! உன் ரோமாபுரி எரியுதுடா!"

டேப்லெட் கீழே விழுந்துச்சு. சோபாவுல இருந்து அவரும் விழுந்தார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். கஞ்சின்னு ஒன்னும் இல்லை. சட்டி அடியில கரி மாதிரி ஒரு வட்டம். கரண்டி அதுல நட்டுக்கிட்டு நின்னுச்சு. ஒரு தடவையாவது கிண்டின அடையாளம் கிடையாது.

நான் ஹாலுக்கு வர்றப்ப இருபது பேர் முன்னாடி அவர் தலை குனிஞ்சு நின்னார். "சூசை, அது வந்துடா... சும்மா விளையாட்டுக்கு..."

"விளையாட்டா? தினம் எங்கிட்ட தே வாங்கிக் குடிச்சதும் விளையாட்டா?"

"தே நல்லா இருந்துச்சுடா."

"மணி ஏழரை"ன்னாங்க ரெஜினா அண்ணி. ஜன்னலையெல்லாம் திறந்து விட்டோம். எல்லாரும் முட்டி போட்டோம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் முட்டிக்கு வைக்க மெத்தை கிடைக்கல. ரெஜினா அண்ணி அதை எடுத்துத் தன் பக்கத்துல வச்சுக்கிட்டாங்க.

ஜெபத்துக்கு முன்னாடி இன்னைக்கு யாருக்காக வேண்டிக்கறோம்னு ஒருத்தர் சொல்லணும். சூசை அண்ணன் தொண்டையைக் கனைச்சார்.

"பொண்டாட்டி பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுச் சண்டை போடற எல்லா வீரர்களுக்காகவும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" இந்த வருஷம் எங்க தாமான்ல இவ்வளவு சத்தமா யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு குரல் மட்டும் சின்னதா வந்துச்சு.

ஜெபம் முடிஞ்சு பிஸ்கட்டும் பால் ஊத்தாத தே-ஓவும் குடுத்தேன். கஞ்சி எங்கேன்னு யாரும் கேக்கல. வாசனையே பதில் சொல்லிடுச்சு.

பாத்திரம் எடுக்க வெளியே போனா, ரெண்டு பேரும் வாசல்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க.

"ஆனா ஒன்னுடா தாவீது. அந்த 'டூர் குரூப்பு'... நல்லாத்தான் எழுதியிருந்தே."

"நிஜமாவா சொல்றே?"

"சரித்திரம் தப்பு. எழுத்து நல்லா இருந்துச்சு."

அதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சாச்சு. சோழர் கப்பல் பெருசா, ரோமாபுரிக் கப்பல் பெருசா. ரெண்டு பேரும் வாழ்க்கையில கப்பல்னு ஏறினது ஒரே ஒரு தடவை, மெர்சிங்ல இருந்து தீவுக்குப் போற படகுல. அதுலயும் ரெண்டு பேரும் போற வழியெல்லாம் வாந்தி.

இன்னைக்குக் காலையில மகளை போன்ல கூப்பிட்டு அவருக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் திறக்க வச்சுட்டேன். இனிமே இங்க வர்றது நான் மட்டும்தான். காலையில வழக்கம்போல வசனம் போட்டேன். மூணு லைக். அதுல ஒன்னு பாதர்.

இப்ப எழுதறதை நிறுத்திட்டுச் சட்டி தேய்க்கப் போறேன். நேத்து ராத்திரி ஊற வச்சேன், இன்னும் விடல.

சாம்ராஜ்யமெல்லாம் எதனால விழுந்துச்சுன்னு படிச்சவங்க ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. எனக்குப் படிப்பு கம்மி. ஆனா விழுந்த ஒவ்வொன்னுலயும், கிளம்பறப்ப ஒரு அம்மா அடுப்பைப் பாத்துக்கச் சொல்லியிருப்பாங்க, "நான் பாத்துக்கறேன் லா"ன்னு ஒருத்தர் சொல்லியிருப்பாரு.