லக்ஷன் இன்னும் கனடா வந்து சேராத காரணம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

பெருமதிப்புக்குரிய மச்சான் நடராசா அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கை விமலேஸ்வரியும் பிள்ளையார் துணையால் சுகம். அங்கே நீங்களும் மச்சாளும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க அவரையே வேண்டுகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீங்கள் பேசத் தொடங்கிவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் லக்ஷனை நீங்கள் ஸ்பொன்சர் செய்து, விசாவும் வந்து, இரண்டு முறை டிக்கற் போட்டும் அவன் வரவில்லை. பெடியனுக்குக் காய்ச்சல் என்று உங்கள் தங்கை சொன்னது பொய். அவன் கல்லுமாதிரி இருக்கிறான். உண்மைக் காரணம், ஒரு விளையாட்டு முடியவில்லை. கிரிக்கெட் என்று நினைக்க வேண்டாம், கிரிக்கெட் பின்னேரம் முடிந்துவிடும். இது மூன்று வருடமாக எங்கள் விறாந்தையில் ஞாயிறுதோறும் நடக்கிறது. பக்கத்து வளவுக் கௌசலா ரீச்சர் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவா. மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். அது சரிவருமா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு தாயக்கட்டை தீர்மானிக்கும். லக்ஷன் போர்வீரன். கமநல சேவை நிலையத்தில் வேலை செய்யும் தேனுகா மந்திரவாதி. முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் றஜித் காலையில் பூசை கண்டுவிட்டு வந்து பின்னேரம் முழுக்கக் களவெடுக்கிற கள்ளன்.

நீங்கள் முதல் டிக்கற் போட்டபோது இவர்கள் ஏதோ ஒரு மாயக்காட்டில் வழி தெரியாமல் நின்றார்கள். உனக்கென்ன விசரா என்று நான் கத்தினேன். "அப்பா, அவையளை நடுக்காட்டில விட்டிட்டு நான் மட்டும் எப்பிடிப் போறது?" என்றான். யுத்தத்தில் இந்த ஊரை நாங்கள் விட்டு ஓடியது எப்படியென்று தெரிந்த நான், அவனுடைய பாஸ்போர்ட்டைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன். இரண்டாவது டிக்கற்றைக் கெடுத்தது உங்கள் தங்கை. "லக்ஷனுக்கு இன்னும் கொஞ்ச உயிர்தான் கிடக்கு" என்று கௌசலா சொன்னது குசினிக்குள் கேட்க, அகப்பையோடு ஓடி வந்தா. அது விளையாட்டு உயிர் என்று நாலு பேரும் சத்தியம் செய்தும் நம்பவில்லை. அடுத்த நாளே கோயிலில் தேங்காய் உடைத்து, இந்தக் கதை நல்லபடி முடியும்வரை பிள்ளை பிளேன் ஏறமாட்டான் என்று நேர்த்தியும் வைத்துவிட்டா. பிறகு அந்தத் தாயக்கட்டை காயப்போட்ட நெல்லுக்குள் விழுந்து ஒரு ஞாயிறு வீணாகப் போனது. றஜித் கிளறிய கிளறலில் எங்கள் கோழிகள் ஒதுங்கி நின்று பார்த்தன.

போன ஞாயிறு கடைசி ஆட்டம். டிராகன் என்று நெருப்புக் கக்கும் பெரிய பாம்பு ஒன்று, ஒரு குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசை மறித்துக்கொண்டு படுத்திருக்கிறது. கீழே இரண்டு ஊருக்குத் தண்ணீர் இல்லை. அது செத்தால் பிள்ளைக்கு டிக்கற் போடலாம் என்று நானும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தேன். லக்ஷன் வாளை உருவினான். பிறகு என்ன நினைத்தானோ, "அடிபட முதல் ஒருக்காக் கதைப்பம். உமக்கு என்ன பிரச்சினை? ஏன் துருசில படுத்திருக்கிறீர்?" என்று டிராகனைக் கேட்டான்.

பெரிய சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்த கௌசலா தன் கதைப் புத்தகத்தில் நாலு பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு, தடித்த குரலில், "எனக்கு வயித்துக்குள்ள எரியுது. தண்ணிக்குள்ள கிடந்தாத்தான் தாங்கும். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றா.

அவ்வளவுதான் மச்சான். இவன் வாளைக் கீழே வைத்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பங்கிடக் கமக்காரர் கூட்டம் கூட்டிவிட்டான். இரண்டு ஊரும் வந்தது, டிராகனும் ஓர் அங்கத்தவர். தேனுகா கூட்ட அறிக்கை எழுதினா. கடைசி வயல்களுக்கு முதல் தண்ணீர் என்று லக்ஷன் சொன்னதும், "அது சரிவராது! மேல்வாய்க்கால்காரர் வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்று யாரோ கத்தினார்கள். நான்தான். என் காணி மேல்வாய்க்காலில் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அப்ப மாமாதான் மேலூர்த் தலைவர். உருட்டுங்கோ" என்றா கௌசலா. உருட்டினேன். இருபது முகத்தில் எனக்கு ஆகக்குறைந்த ஒன்று விழுந்தது, என் பேச்சு எடுபடாது என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள், லக்ஷன் சிரிக்கவில்லை. "மேலூர் ஐயா சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. ஆனா கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர நாள் எடுக்குமெல்லோ. அவை முதல் எடுக்கட்டும், பிறகு உங்களுக்குக் குறையாமல் விடுவிக்கிறது என்ர பொறுப்பு" என்றான். என் மகனுக்கு நான் தலையாட்டினேன். டிராகனுக்குக் குளத்தின் ஆழமான பக்கம், அதற்குப் பதிலாக வயலுக்குள் யானை வந்தால் அது ஊதிக் கலைக்க வேண்டும் என்று முடிவானது. டிராகன் பெருவிரல் அடையாளம் வைத்தது.

"முடிஞ்சுது" என்று கௌசலா புத்தகத்தை மூடினா. ஒருவரும் எழும்பவில்லை. கௌசலா அழுதா. றஜித் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மத்தியானக் கறிக்குத் தான் கொண்டுவந்த நண்டைத் தானே புகழ்ந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அவனோடு சேர்ந்து நண்டைப் புகழ்ந்தேன். மூன்று வருடம் ஒருவரை ஒருவர் கைவிடாமல் ஒரு கதையைக் கரைசேர்த்த பிள்ளைகள். அதில் வாளை வைத்துவிட்டுக் கதைக்கத் தெரிந்தவன் என் மகன்.

ஆகவே நேர்த்தியும் முடிந்தது, சாட்டும் முடிந்தது. உடனே டிக்கற்றைப் போடுங்கள். இந்த முறை நானே கட்டுநாயக்கா விமான நிலையம் வரை கொண்டுபோய் ஏற்றிவிடுவேன். விறாந்தை வெறிச்சென்று கிடக்கும், அது என் பாடு. மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் அடுப்பும் ஹீற்றரும் என்றும் குறைவின்றி எரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
சி. யோகலிங்கம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் போனேன். இது உண்மையான கூட்டம். என்னை ஏற்றிக்கொண்டு வந்த லக்ஷன் வாசலில் நின்றான். உள்ளே மேல்வாய்க்காலும் கீழ்வாய்க்காலும் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போக, அவன் உள்ளே வந்து இரண்டு பகுதியையும் இருத்திக் கதைத்தான். கூட்டம் முடிய முதல் கீழ்வாய்க்கால்காரர் அவனைச் செயலாளராகப் பிரேரித்தார்கள். "எனக்கு விருப்பம்தான், ஆனா அப்பா என்னை அனுப்ப நிக்கிறார்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். டிக்கற் போட வேண்டாம் மச்சான். முதலில் உயர்ந்த கை என்னுடையது.