ஒரு கந்தோருக்குப் பதினொரு மனேஜர்

நேற்று எனக்கு ஒரேயொரு வேலைதான். துறைமுகத்தடியில, வந்திறங்கிற சாமானுக்குப் பாஸ் குடுத்து வெளிய விடுற ஒரு கிளியரிங் கந்தோரில பன்னிரண்டு கொம்பியூட்டருக்குப் புதுசா சிஸ்டம் போடவேணும்.

ஒவ்வொண்டா இருந்து போட்டா ரெண்டு நாள் பிடிக்கும். நான் கெட்டிக்காரன். அது கேக்கிற கேள்விக்கெல்லாம் பதிலை முதலே ஒரு பைலில எழுதி பென்டிரைவில கொண்டு போனனான். குத்திவிட்டால் தானா ஏறும். நான் தேத்தண்ணி குடிக்கலாம்.

அந்தப் பைலை மனேஜரின்ர மெஷினில இருந்துதான் செய்தனான். அவரின்ர அறையிலதான் ஏசி.

கொம்பியூட்டர் ஒவ்வொண்டுக்கும் ஒரு பேர் இருக்கும். கவுண்டர், கேட், ஸ்டோர் எண்டு. பழைய பேரை அப்பிடியே வைச்சிருக்கச் சொல்லி பைலில ஒரு வரி போடவேணும். அந்த வரி சோதிக்கேக்க கரைச்சல் குடுத்தது. தூக்கிப்போட்டன்.

பத்தரைக்குப் பதினொரு மெஷினும் எழும்பிட்டுது. எல்லாத்துக்கும் ஒரே பேர், பைல் செய்த மெஷினின்ர பேர், ‘மனேஜர்’. நான் கவனிக்கேல்லை.

மனேஜரின்ர மெஷின் மட்டும் மிச்சம். பெரிய ஆளின்ர சாமான், அதைத் தானா ஏறவிட மனம் வரேல்லை. மரியாதைக்குக் கையாலயே போட்டனான். பேர் கேட்ட இடத்தில ‘புதுசு’ எண்டு அடிச்சுவிட்டன்.

அப்பதான் கவுண்டரில இருக்கிற ஜெசிந்தாக்கா கூப்பிட்டா. “தம்பி, இதில அனுமதி எண்டு ஒரு பட்டன் புதுசா வந்திருக்கு. அமத்தட்டோ?”

திரும்பிப் பாராமலே சொன்னன், “அமத்துங்கோ அக்கா. புதுச் சிஸ்டம் எண்டா அப்பிடித்தான்.”

அக்காவுக்கு முன்னால குறிஞ்சாக்கேணி லொறிக்காரர் பளீல் நானா நிண்டவர். இறக்கக்கண்டி ஐஸ் பக்டரிக்கு ஒரு மோட்டர் ஏத்த மூண்டு நாளா நிக்கிறாராம். கடதாசி எல்லாம் சரியாம். மனேஜரின்ர அனுமதி மட்டும் இல்லையாம். அங்க ஐஸ் இல்லாமல் மீன் பழுதாப் போகுதாம்.

அக்கா அமத்தினா. பாஸ் அச்சாகி வந்தது. பளீல் நானா அதை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துப்போட்டு என்னட்ட வந்து மெல்லமாக் கேட்டார். “தம்பி, நீங்க எந்த மந்திரிட ஆள்?”

விசயம் இதுதான். அந்தக் கந்தோர் மென்பொருள் கொம்பியூட்டரின்ர பேரைப் பார்த்துத்தான் மனேஜர் ஆரெண்டு முடிவெடுக்கும். இப்பிடி ஒரு சாமானை எழுதின மூளைசாலி ஆரெண்டு கேப்பீங்கள். நான்தான்.

பிறகு கேக்கவோ வேணும். மத்தியானத்துக்கிடையில ஏழு லொறி வெளிய போட்டுது. ஸ்டோர்காரர் தன்ர லீவைத் தானே அனுமதிச்சுப்போட்டு வீட்ட போட்டார். ரெண்டு வருசமா அசையாமல் கிடந்த புதுக் கதிரை விண்ணப்பமும் பாஸ். அந்தக் கந்தோர் அவ்வளவு வேகமா ஓடினதை ஒருத்தரும் கண்டதில்லையாம்.

ரெண்டு மணிக்கு மனேஜர் அறையை விட்டு வெளிய வந்தார். முகம் ஒரு மாதிரி.

“தம்பி, மனேஜரிட்ட அனுமதி எடுக்கட்டாம் எண்டு என்ர ஸ்கிரீனில வருது. நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

வாய் சும்மா இருந்திருக்கலாம். “ஜெசிந்தாக்காட்டக் கேட்டா உடன தருவா சேர்” எண்டிட்டன்.

அவர் போய் அக்காவின்ர ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். தன்ர அனுமதி பட்டனை அதில கண்டதோட விளங்கிட்டுது. உடன கேட்டுக்குப் போன் எடுத்து மோட்டர் லொறியை மறிக்கச் சொன்னார். அது எப்பவோ நிலாவெளியும் தாண்டிட்டுதாம். கடதாசியில பிழை பிடிக்கவும் ஏலாது, எல்லாம் சரி.

மிச்சக் கோபம் எல்லாம் என்னில. பின்னேரத்துக்கிடையில எல்லா மெஷினுக்கும் பழைய பேர் வரவேணும் எண்டார்.

பழைய பேரை எங்கயும் எழுதி வைச்சனானோ? இல்லை. ஒவ்வொரு மேசையாப் போய், முந்தி என்ன பேர் இருந்தது எண்டு கேட்டன்.

எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னவை. “மனேஜர் எண்டுதான் இருந்தது.” கேட்டில நிக்கிற காவலாளியும் அதைத்தான் சொன்னார், கண்ணும் வெட்டாமல்.

கடைசியில பழைய பிறின்டர் பட்டியலைத் தேடிப் பிடிச்சு, பன்னிரண்டு மெஷினின்ர பேரையும் கையால அடிச்சு முடிச்சன். தூக்கின அந்த வரியையும் பைலில திரும்பப் போட்டாச்சு.

இண்டைக்குக் காலமை அந்தக் கந்தோரில இருந்து ஆறு பேர் தனித்தனியாப் போன் எடுத்தவை, அடுத்த சிஸ்டம் எப்ப போடுவீங்கள் எண்டு.