தேங்காய்த்திட்டில் பெய்த உப்பு மழை

மழை பெய்யாததை சைபர் முசே அளவுக்கு மரியாதையோடு நடத்தியவர் புதுச்சேரியில் மட்டுமல்ல, பூமியிலேயே கிடையாது. பெய்த மழையை அளக்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு. பெய்யாத மழையை அளக்கத் தினமும் இருபது மைல் சைக்கிள் மிதித்தவர் இவர் ஒருவர்தான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; சைபர் ஊர் வைத்த பட்டம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. மேகத்தில் உப்பைச் சேர்த்தால் மழை வருமா என்று பார்க்க ஓர் ஆராய்ச்சிக் குழு முதலியார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியைப் பிடித்து, உப்புப் பொடியை வானத்துக்கு ஊதும் இயந்திரத்தை ஏற்றியது. காற்று எந்தப் பக்கம் போகிறது, ஊதின பிறகு எங்கே எவ்வளவு பெய்தது என்று பார்த்துச் சொல்வது முசேயின் வேலை. பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையைப் பாஸ் செய்துவிட்டு உலகத்தை ஒரே வாரத்தில் மாற்றிவிடும் உத்தேசத்தில் இருந்த நான், அவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் குமாஸ்தா.

காலையில் பலூன் விடுவார். விடுமுன் தொப்பியைக் கழற்றி அதனிடம் விடைபெறுவார். அது கண்ணுக்கு மறையும்வரை தூரதர்சினியில் கண்ணை ஒட்டிக்கொண்டு கோணம் சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவே தலையில் காக்கை உட்கார்ந்தாலும் அசையமாட்டார், உட்கார்ந்திருக்கிறது.

அவருடைய தங்கை மகள் கல்யாணத்தன்று பந்தல் ஒழுகி, சாம்பார் ரசமாகி, தங்கை அழுதுகொண்டு நின்றார். முசே முற்றத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆறுதல் சொன்னார்: “அழுவாத. நாலு மில்லிமீட்டர்தான்.”

தினமும் பலூன் மறைந்த பிறகு சைக்கிள். காலாப்பட்டிலும் தேங்காய்த்திட்டிலும் மழைமானி வைத்திருந்தோம். மேலே புனல், உள்ளே பாட்டில், அவ்வளவுதான். ஆடி முழுக்க ஒரு சொட்டு இல்லை. இருந்தாலும் பாட்டிலைக் கவிழ்த்து, தட்டி, வெளிச்சத்தில் பார்த்து, பிறகுதான் ‘0.0’ போடச் சொல்வார். எதற்கு இரண்டு சைபர் என்று கேட்டேன்.

“மொத சைபர் மழைக்கு. ரெண்டாவது, நாம வந்து பாத்தோம்ல, அதுக்கு.”

இந்தச் சைபர்கள்தான் அவர் கழுத்துக்குக் கத்தியாக வந்தன. அந்தப் பருவத்தில் பலன் தெரியாவிட்டால் நிலையத்தையே மூடிவிடுவதாக மேலிடம் எழுதியது. மூடினால் முசேவுக்கு வேலை இல்லை. பழைய துறைமுக ஆபீஸ் போனபின் இரண்டு வருடம் சும்மா இருந்து, நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த வேலை அது.

முடிவெடுக்க அதிகாரி ஜீப்பில் வந்தார். அன்று காலை பலூன் தேங்காய்த்திட்டுப் பக்கம் போயிருந்ததால் மூன்று பேரும் நேரே அங்கே போனோம். முசே பாட்டிலை எடுத்தார். உள்ளே தண்ணீர். அளவுக் குப்பியில் ஊற்றினால் பதினாறு மில்லிமீட்டர்.

தரையெல்லாம் காய்ந்து கிடந்தது. மணல் குடித்திருக்கும் என்றார் அதிகாரி. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர் முகம் மலர்ந்துவிட்டது. உப்புக் கரித்தது.

“நம்ம உப்புதான்யா இது” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அங்கேயே தந்தி வாசகம் சொல்ல, நானும் பெருமையாக எழுதிக்கொண்டிருந்தேன். நிலையம் பிழைத்தது, முசே பிழைத்தார்.

முசே மட்டும் அளவுக் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு மீன் செதில் மினுமினுத்தது.

அதிகாரியை ஜீப்பில் உட்காரச் சொல்லிவிட்டு, வேலிக்கு அப்பால் மீன் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலையிடம் போனார். மழைமானி இருந்தது அவள் தோட்டத்தில்தான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அஞ்சல, டப்பால தண்ணி ஊத்துனியா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “ஒரு டம்ளர்தான் முசே. இம்மாந்தூரம் சைக்கிள் மிதிச்சி வர்ற. தொறந்து பாத்துட்டு மூஞ்சி தொங்கிப்போவுது. எத்தினி நாளு அதப் பாக்கறது? மனசு கேக்கல.”

“எந்தத் தண்ணி?”

“கெணத்துத் தண்ணிதான். எங்க கெணறு உப்புக் கரிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?”

நான் அவர் காதில் கிசுகிசுத்தேன்: சும்மா விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது, உங்கள் வேலை நிற்கும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. “தம்பி, அப்பறம் நாளைக்கி பெய்யறத எவன் நம்புவான்?” என்று மட்டும் சொன்னார்.

ஜீப்புக்குத் திரும்பி, யாரோ ஊற்றிய தண்ணீர் என்று சொல்லி, தந்திக் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆராய்ச்சியைக் கெடுத்த ஆள் யார், போலீசில் சொல்ல வேண்டும், பெயரை எழுது என்று குதித்தார்.

முசே என்னிடமிருந்து பதிவேட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதினார். ‘மழை இல்லை. வெளி நீர். ஊற்றியவர் யாரென்று தெரியவில்லை.’

ஐப்பசிக்குள் நிலையத்தை மூடிவிட்டார்கள். அந்தப் புத்தகம் இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதோ. அதில் அவர் எழுதிய பொய் அந்த ஒன்றுதான். அதன்கீழே, யாரும் கேட்காமலே, சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்.